புது டர்ன்டேபிள் வாங்கும் முன்: கையில் இருப்பதில் நல்ல சத்தம் வரவைப்பது எப்படி?

கேள்வி இதுதான்: "அப்பா சேர்த்து வைத்த எல்.பி. ரெக்கார்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் பழைய தமிழ்ப் படப் பாடல்கள், கொஞ்சம் கர்நாடக சங்கீதம். ஆடியோ-டெக்னிகா ஏ.டி-எல்.பி.60எக்ஸ் டர்ன்டேபிள் (ரெக்கார்டு பிளேயர்) வாங்கி, கம்ப்யூட்டருக்கு வைத்திருந்த 2.1 ஸ்பீக்கரில் இணைத்தேன். சத்தம் ஒல்லியாக இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டு கரகரக்கிறது. பின்னால் ஒரு உறுமல் வேறு. இதைக் கொடுத்துவிட்டு 40,000 ரூபாயில் வேறு டர்ன்டேபிள் வாங்கலாமா?"

இப்போதைக்கு அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. விலை கூடிய பிளேயர் வாங்கினாலும் மூன்றும் உங்கள் பின்னாலேயே வரும். ரெக்கார்டு கேட்பதில் சத்தத்தின் தரம் முக்கியமாக இரண்டு இடங்களில் முடிவாகிறது: ஊசி பள்ளத்தில் உட்காரும் இடம், ஸ்பீக்கர் அறையில் நிற்கும் இடம். நடுவில் இருப்பதெல்லாம் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் போதும். ஆனால் பலரும் செலவழிப்பது அந்த நடுப்பகுதியில்தான்.

ஒல்லிச் சத்தத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இது அநேகமாக ஒரு சுவிட்சில் சரியாகிவிடும். ரெக்கார்டு வெட்டும்போதே கீழ் ஒலிகளைக் குறைத்தும் மேல் ஒலிகளைக் கூட்டியும்தான் வெட்டுகிறார்கள். பேஸை உள்ளபடியே வெட்டினால் பள்ளம் அகலமாக ஆடி இடத்தைத் தின்றுவிடும். மேல் ஒலிகளைக் கூட்டி வெட்டினால், கேட்கும்போது அவற்றைத் திரும்பக் குறைக்கையில் தட்டின் இரைச்சலும் கூடவே குறையும். இதற்கு 1954-ல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற அளவுதான் இன்றுவரை பொது வழக்கு: 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபல் குறைவு, 20,000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபல் கூடுதல். இதைத் தலைகீழாகத் திருப்பி, ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் சில மில்லிவோல்ட்டை நூறு மடங்கு அளவுக்குப் பெரிதாக்குவதுதான் ஃபோனோ ப்ரீஆம்பின் வேலை. உங்கள் பிளேயருக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. அதில் உள்ள சுவிட்ச் 'ஃபோனோ' பக்கம் இருந்து, வயர் சாதாரண ஸ்பீக்கருக்குப் போனால், சத்தம் சன்னமாகவும் பேஸே இல்லாமல் கீச்சென்றும்தான் இருக்கும். 'லைன்' பக்கம் தள்ளுங்கள். இதற்கு நேரெதிரான தவறும் நடக்கும்: பிளேயர் 'லைன்' நிலையில் இருக்க, வயரை ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ சாக்கெட்டில் செருகிவிடுவது. அப்போது இரண்டு ப்ரீஆம்ப் சேர்ந்து எல்லாம் வெடித்து, மந்தமாக, உடைந்து கேட்கும். எப்போதும் ஒரே ஒரு ப்ரீஆம்ப்.

கடைசிப் பாட்டு கரகரப்பதுதான் விஷயமுள்ள குறை. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில் சுற்றினாலும், ஊசிக்கு அடியில் பள்ளம் ஓடும் வேகம் ஒன்றாக இருப்பதில்லை. வெளி ஓரத்தில் நொடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. லேபிளுக்குப் பக்கத்தில் வரும்போது அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. முதல் பாட்டில் அரை மீட்டரில் பரவியிருந்த ஒரு நொடி இசை, கடைசிப் பாட்டில் ஒரு சாண் நீளத்துக்குள் நெருக்கி அடைக்கப்படுகிறது. 'ச', 'ஷ' போன்ற எழுத்துகள், ஜால்ரா, வயலினின் மேல்ஸ்தாயி எல்லாம் அங்கே மிகச் சின்ன நெளிவுகளாக இருக்கும். உங்கள் பிளேயரோடு வரும் ஊசியின் முனை உருண்டையானது. அந்தக் குறுகிய நெளிவுகளுக்குள் அதனால் முழுதாக இறங்க முடியாது. மேலே தாவித் தாவிப் போகும். அதுதான் கரகரப்பாகக் கேட்கிறது.

அந்த நெளிவுகளுக்குள் இன்னும் நன்றாக இறங்கும் நீள்வட்ட முனை ஊசிகள், அதே கார்ட்ரிட்ஜில் செருகக்கூடியவை, தனியாகக் கிடைக்கின்றன. பழைய ஊசியை முன்பக்கம் கீழ்நோக்கி அழுத்திக் கழற்றி, புதியதைப் பொருத்தினால் ஆயிற்று. கடைசிப் பாட்டில் வித்தியாசம் முதல் நிமிடத்திலேயே கேட்கும். உங்கள் செட்டில் செலவழிக்கிற முதல் பணம் இதற்குப் போகட்டும். மிக மலிவான பெயரில்லாத ஊசிகளை மட்டும் தவிருங்கள். முனை கோணலாக ஒட்டியிருக்கும் ஊசிகள் அதில் சகஜம்.

பிளேயரையே பழையதாக வாங்கியிருந்தால், எந்த ஆராய்ச்சியும் இல்லாமல் ஊசியை மாற்றிவிடுங்கள். சாதாரண ஊசியின் ஆயுள் சுமார் 300 முதல் 500 மணி நேரம். தேய்ந்த முனை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது ஓடுகிற ஒவ்வொரு பள்ளத்தையும் செதுக்கிக்கொண்டே போகும்.

எல்.பி.60எக்ஸில் ஊசியின் எடை (ஊசி ரெக்கார்டை அழுத்தும் அளவு) தொழிற்சாலையிலேயே சுமார் 3 கிராமுக்கு வைக்கப்பட்டிருக்கிறது, நாம் மாற்ற முடியாது. ஒருவகையில் கவலை விட்டது. எடைக்குண்டு உள்ள டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) வைத்திருப்பவர்களுக்கு இங்கே வேலை இருக்கிறது. டோன்ஆர்ம் உள்பக்கம் இழுபடாமல் பிடிக்கும் ஆன்டி-ஸ்கேட் திருகைப் பூஜ்யத்தில் வையுங்கள். ஊசியின் உறையைக் கழற்றி, பின்னால் இருக்கும் எடைக்குண்டைத் திருகிக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் டோன்ஆர்ம் எங்கும் சாயாமல் அந்தரத்தில் மிதக்கும். அங்கே எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு, பிறகு குண்டையும் வளையத்தையும் சேர்த்துத் திருகி, அந்தக் கார்ட்ரிட்ஜுக்குச் சொன்ன எடைக்குக் கொண்டுவர வேண்டும். ஆடியோ-டெக்னிகாவின் ஏ.டி-வி.எம்.95இ கார்ட்ரிட்ஜ் என்றால் 2 கிராம். ஆன்டி-ஸ்கேட்டையும் அதே எண்ணுக்கு வைத்து ஆரம்பிக்கலாம். எண் வளையங்களை அப்படியே நம்பிவிடாமல் ஒரு சின்ன டிஜிட்டல் தராசில் சரிபார்ப்பது நல்லது. நகை எடை பார்க்கும் பாக்கெட் தராசு வேண்டாம்: அதன் தட்டு ரெக்கார்டு மட்டத்தைவிட உயரமாக இருப்பதால் எடை தவறாகக் காட்டும், தட்டு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் அதை இழுத்து மேலும் குழப்பும். ஊசி எடைக்கென்றே விற்கும் தராசு ஆன்லைனில் மலிவாகவே கிடைக்கிறது.

எடை குறைவாக இருந்தால் தட்டு தேயாது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எடை போதாத ஊசிதான் பள்ளச் சுவரில் மோதி மோதித் தட்டைக் கெடுக்கும். சொன்ன வரம்புக்குள் கொஞ்சம் மேல்பக்கம் வைப்பதே பாதுகாப்பு. அப்புறம், கார்ட்ரிட்ஜ் ஹெட்ஷெல்லில் (டோன்ஆர்மின் நுனியில் அது பொருந்தும் இடம்) நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க புரோட்ராக்டர் (கோணமானி) படங்கள் இலவசமாகவே கிடைக்கும். பிரின்ட் எடுக்கும்போது 100 சதவீத அளவில் எடுத்து, ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். தாளுக்கு ஏற்றபடி பிரின்டர் அதைச் சுருக்கியிருந்தால் முழு வேலையும் வீண்.

இனி சுத்தம் செய்வது. பாதி வீடுகளில் "ரெக்கார்டு தேய்ந்துவிட்டது" என்று சொல்வது முப்பது நாற்பது வருட அழுக்கைத்தான். பரணில் கிடந்த தட்டு என்றால் தூசியோடு எண்ணெய்ப்பசை, விரல் ரேகை, மழைக்காலப் பூஞ்சை எல்லாம் பள்ளத்துக்குள் இறுகியிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகளாகவோ மங்கலான திட்டுகளாகவோ தெரியும். இதை வெறும் துணியால் துடைத்தால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும். தண்ணீர் வேண்டும்.

குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ வேண்டாம். நம் ஊர் உப்புத் தண்ணீர் காய்ந்தால் பள்ளத்தில் உப்பு படியும், அது புது இரைச்சல். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கிறது. வாங்கும்போது தண்ணீர்தானா, பேட்டரி ஆசிடா என்று லேபிளைப் படித்து வாங்குங்கள். ஒரு லிட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு போதும். லேபிள் நனையாமல் இருக்க, அதைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் மூடி ஒன்றை அதன்மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். மென்மையான பெயின்ட் பிரஷ்ஷையோ மைக்ரோஃபைபர் துணியையோ நனைத்து, பள்ளம் போகிற திசையிலேயே வட்டமாக, அழுத்தாமல், நான்கைந்து சுற்று. குறுக்கே ஒருபோதும் தேய்க்கக் கூடாது. பிறகு சோப்பு இல்லாத டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு முறை அலசல். இந்த இரண்டாவது அலசலை விட்டுவிட்டால் சோப்பு காய்ந்து ஊசியில் வெள்ளையாகத் திரளும். பாத்திரம் கவிழ்க்கும் ஸ்டாண்டில் தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்தி ஃபேன் காற்றில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் வினைல் நெளிந்துவிடும்.

கழுவிய தட்டை மறுபடி அதே பழைய உறையில் போட்டால் உழைப்பெல்லாம் போச்சு. புது உள்ளுறை வாங்குங்கள், தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம், மொட்டை மாடிக்கு அடியில் இருக்கும் பரணிலும் வேண்டாம். கோடையில் அங்கே இருக்கும் சூடு தட்டுக்கு ஆகாது.

கழுவியபின் எது அழுக்கு, எது தேய்மானம் என்று பிரித்துவிடலாம். டக், டக் என்ற சத்தம் குறைந்திருந்தால் அது அழுக்குதான். பாடகர் உச்சத்துக்குப் போகும்போது மட்டும் குரல் கிழிந்து கேட்டால், அந்தக் காலத்து கனமான பிளேயரில் தேய்ந்த ஊசி ஓடிய வடு. அதைக் கழுவிப் போக்க முடியாது. ஆனால் மைக்ரோலீனியர் போன்ற கூர்மையான முனை, பழைய உருண்டை ஊசி தொடாத ஆழத்தில் சுவரைத் தொடுவதால், சில தட்டுகளில் ஆச்சரியமான அளவுக்குக் குரல் மீண்டு வரும்.

உங்கள் பெட்டியைப் பற்றி நான் மிகவும் சொல்ல விரும்புவது மோனோ விஷயம். எழுபதுகளின் பிற்பகுதிக்கு முந்தைய தமிழ்ப் படத் தட்டுகள், குறிப்பாக 45 சுற்றில் ஓடும் சின்ன இ.பி.க்கள், பெரும்பாலும் மோனோ. லேபிளிலோ அட்டையிலோ 'ஸ்டீரியோ' என்று அச்சடித்திருக்காவிட்டால் மோனோ என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மோனோ பள்ளத்தில் இசை இடம்-வலமான அசைவில் மட்டும்தான் இருக்கிறது. மேல்-கீழ் அசைவில் இசையே கிடையாது. அங்கே இருப்பது தூசி, பூஞ்சை, தட்டின் நெளிவு, ஊசி தாவும் சத்தம். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜுக்கு அது தெரியாது. மேல்-கீழ் அசைவையும் சேர்த்துப் படித்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் எதிரெதிராக அனுப்புகிறது. இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் அந்த எதிரெதிர் இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். பாட்டு அப்படியே இருக்க, பின்னணி சட்டென்று அமைதியாகிவிடும். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் இதற்கென்றே 'மோனோ' பட்டன் இருக்கும். இல்லாவிட்டால், பிளேயரை 'ஃபோனோ'வில் வைத்து, தனியாக ஒரு ப்ரீஆம்ப் சேர்த்து, அதற்கு முன்னால் இரண்டு ஒய் கனெக்டர்களால் இடது வலது வயர்களை இணைத்துப் பிரித்துவிடலாம். சென்னையில் ரிச்சி தெருவில் இந்தக் கனெக்டர்கள் சல்லிசாகக் கிடைக்கும். ஸ்டீரியோ தட்டு போடும்போது அவற்றைக் கழற்றிவிட வேண்டும். பழைய பாட்டுப் பிரியர்களுக்கு இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

உறுமலுக்கு வருவோம். பிளேயரின் உலோகப் பகுதியைத் தொட்டால் உறுமல் கூடுகிறதா குறைகிறதா பாருங்கள். மாறினால் எர்த் பிரச்சினை. எர்த் வயர் உள்ள பிளேயர் என்றால் அதை ஆம்ப்ளிஃபயரின் பின்னால் உள்ள திருகில் இறுக்குங்கள். பிளேயரையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். அந்தப் பாயின்டுக்கு எர்த் உண்மையில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பழைய வீடுகளில் மூன்று துளை இருக்கும், எர்த் இருக்காது. அடாப்டர், வைஃபை ரூட்டர், 2.1 செட்டின் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டி, எதையும் கார்ட்ரிட்ஜுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஆழமான உறுமலாக இல்லாமல் 'ஸ்ஸ்ர்ர்' என்ற ரீங்காரமாக இருந்தால் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரை முழு வேகத்துக்குத் திருப்பிப் பாருங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி அதுதான். கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ரீங்காரம் வந்தால், அது இன்வெர்ட்டரின் சதுர அலை செய்கிற வேலை.

இன்னொரு வகை உறுமல் உண்டு. வால்யூம் கூட்டக் கூட்டப் பெரிதாகும். ஸ்பீக்கரும் பிளேயரும் ஒரே மேசையில் இருப்பதால் வருவது. ஸ்பீக்கரின் அதிர்வு மேசை வழியாக ஊசிக்குப் போய், ஊசி அதையும் பாட்டு என்று நினைத்துத் திரும்ப அனுப்பும். பேஸ் எல்லாம் குழம்பிக் கேட்கும். சப்வூஃபரைத் தரையில் தள்ளி வையுங்கள், பேஸ் திருகைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள், பிளேயரைக் கனமான தனி மேசைக்கு மாற்றுங்கள். மேல்நாட்டுக் குறிப்புகளில் தரை அதிர்வைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். அவர்கள் வீட்டில் மரத்தரை. நடந்தாலே ஊசி குதிக்கும். நமக்குக் கான்கிரீட் தளம், அந்தக் கவலை பெரிதாக இல்லை. சுவரில் அடித்த கடப்பா அலமாரி இருந்தால் பிளேயருக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு ரசமட்டத்தைச் சுழல்தட்டின்மேல் இரண்டு திசையிலும் வைத்துப் பார்த்து, சாய்வு இருந்தால் காலுக்கு அடியில் அட்டை கொடுத்துச் சரிசெய்யுங்கள்.

கான்கிரீட் தரையில் கிடைத்த லாபத்தை நம் அறைகள் வேறு வழியில் பறித்துக்கொள்கின்றன. டைல்ஸ் தரை, பூசிய சுவர், வெறும் ஜன்னல். கைதட்டினால் கணீரென்று திரும்பி வரும். அந்த எதிரொலியில் எந்த ஸ்பீக்கரும் கீச்சென்றுதான் கேட்கும். உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு கனமான ஜமக்காளம், ஜன்னலுக்குத் தடித்த திரை, எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி. இவ்வளவு செய்தாலே குரல் முன்னால் வந்து நிற்கும். இரண்டு ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் இடையே தூரம் சமமாக இருக்கட்டும், ட்வீட்டர் (மேல் ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கர்) உட்கார்ந்திருக்கும் உங்கள் காது உயரத்தில் இருக்கட்டும், சுவரோடு ஒட்டாமல் ஓர் அடியாவது தள்ளி நிற்கட்டும்.

2.1 ஸ்பீக்கரை மாற்ற வேண்டியதுதான். ஒதுக்கிய பணத்தில் பெரும்பங்கு இதற்கே போகட்டும். வீணையின் மத்திம ஒலிகளும் ஆண் குரலின் அடிப்பகுதியும் விழுகிற இடத்தில், விரலளவு சாட்டிலைட் ஸ்பீக்கரும் சப்வூஃபரும் இரண்டுமே கைவிட்டுவிடும். ஆம்ப்ளிஃபயர் உள்ளடங்கிய ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் போதும். பழைய ஸ்பீக்கர் நல்ல விலைக்கு வந்தால் வாங்கலாம், ஆனால் முன் துணியைக் கழற்றி, வூஃபரின் (கீழ் ஒலிகளுக்கான பெரிய ஸ்பீக்கர்) ஓரத்து வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் வளையம் நம் ஊர்ப் புழுக்கத்தில் பொடியாக உதிரும்.

வேகத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கர்நாடக சங்கீதம் கேட்பவருக்கு இது முக்கியம். வேகம் 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். சுழல்தட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் காகிதத்தை ஒட்டி, ரெக்கார்டு ஓடும்போது 100 சுற்று எண்ணுங்கள். சரியாக 3 நிமிடம் ஆக வேண்டும். ஒரு நொடி முன்பின் இருந்தால் பரவாயில்லை. அதைவிட மெதுவாக இருந்தால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், அது மலிவான பொருள். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த பழைய பிளேயர் என்றால் கவனம். 110 வோல்ட் மட்டும் பிரச்சினையில்லை; அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ஏ.சி. மோட்டார் உள்ள பிளேயர் இங்கே 33⅓-க்குப் பதில் 28-க்கும் குறைவாகத்தான் சுற்றும். வோல்டேஜ் மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் இதைச் சரிசெய்யாது.

இதையெல்லாம் செய்தபின்னும் இன்னும் வேண்டும் என்று தோன்றினால், அப்போது பிளேயரை மாற்றுங்கள். எடை சரிசெய்யக்கூடிய டோன்ஆர்ம், மாற்றக்கூடிய கார்ட்ரிட்ஜ், இந்த இரண்டும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஏ.டி-எல்.பி.120எக்ஸ் அப்படிப்பட்டது. அதோடு வரும் வி.எம்.95 கார்ட்ரிட்ஜில் உடலை அப்படியே வைத்துக்கொண்டு ஊசியை மட்டும் மைக்ரோலீனியர் வரை உயர்த்தலாம். சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கும் பிளேயர்கள் பக்கம் போகவே வேண்டாம்: செராமிக் கார்ட்ரிட்ஜ், 5 கிராமுக்கு மேற்பட்ட எடை, ஊசிக்கு அடியிலேயே ஸ்பீக்கர். விலையுயர்ந்த வயர், தட்டின்மேல் வைக்கும் எடைக்கல் இவற்றுக்கெல்லாம் இந்த நிலையில் செலவு செய்யாதீர்கள்.

பெட்டிக்குள் கனமான, தட்டினால் கணீரென்று ஒலிக்கிற 78 சுற்றுத் தட்டுகள் இருந்தால் அவற்றை இப்போதே தனியாக எடுத்து வையுங்கள். அவை ஷெல்லாக் என்ற அரக்கால் ஆனவை, கீழே விழுந்தால் உடையும். எல்.பி.60எக்ஸில் 78 வேகம் கிடையாது. எல்.பி. ஊசியும் அந்த அகலமான பள்ளத்தின் அடியில் தரைதட்டி வெறும் இரைச்சலைத்தான் படிக்கும். அதற்கு 3 மில் (ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி வேண்டும், வி.எம்.95 வரிசையில் எஸ்.பி. என்று தனியாக வருகிறது. அந்தத் தட்டுகளைக் கழுவலாம், ஆனால் ஆல்கஹாலோ ஸ்பிரிட்டோ ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. ஷெல்லாக் அதில் கரைந்துவிடும்.